பொன்னேரி வரை பெருமாள்

டிபன் பாக்ஸ் இல்லாமல் நான் மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் போனது ஒரே ஒரு முறைதான். மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பொழுது இன்னும் விடியவில்லை. கையில் ஜால்ரா, தோளில் சால்வை. கம்பெனிக்கு லீவு. ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பிளாட்பாரத்து நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, இவளுக்கு என்ன கேடு என்று மறுபடி சுருண்டுகொண்டது.

எனக்கு முன்பே ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். எல்லார் முகத்திலும் தூக்கம். என்னைப் பார்த்த பார்வையில் கோபம். நடுவில் ரோகிணி. அவள் மட்டும் தலை குளித்து, பொட்டு வைத்து, பளிச்சென்று இருந்தாள்.

"அக்கா, ட்ரெயின்?" என்றாள்.

நான் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன். சிவப்பு சிக்னல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷ வேலையில் நான் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணை வேறு. நாங்கள் நம்பி வந்த ஐந்து மணி வண்டி அன்றைக்குக் கிடையவே கிடையாது.

ஒரு வண்டி இல்லாததற்கு நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு, அந்தக் கேன்டீன்காரர் என் வீட்டுக்காரரை வழியில் நிறுத்தி வருத்தப்பட்டாராம். இந்த வாரம் சாமி விஷயம். யாருக்கும் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

லேடீஸ் பெட்டியின் சட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டும் கம்பெனியில் நான் லைன் லீடர். முதல் ஷிப்டு ஆறு மணிக்கு. அதற்கு ஐந்து மணி வண்டியைப் பிடித்தால்தான் ஆகும். அந்த வண்டியின் லேடீஸ் பெட்டியில் எங்கள் பாட்டுக் கோஷ்டி. கோஷ்டிக்குத் தலைவி யார் என்று யாரும் தேர்தல் வைக்கவில்லை. என் குரல்தான் சத்தமாக இருந்தது.

செவ்வாய், வெள்ளி அம்மன். புதன்கிழமை ஏசு. சனிக்கிழமை பெருமாள். மற்ற நாளில் அவரவர் கேட்கிற பாட்டு. இப்படி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்தால்தான் தகராறு. மார்கழி முழுக்கப் பெருமாள்தான் என்று நான் சொல்வேன். கிறிஸ்துமஸும் அதே மாதத்தில்தான் வருகிறது என்று எஸ்தர் சொல்வாள். எஸ்தர் பொன்னேரியில் ஏறுகிறவள், பக்கத்து மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை ஒட்டுகிறவள், என்னை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை பெருமாள். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஏசு. பொன்னேரி பிளாட்பாரத்தில் வண்டியின் மூக்கு நுழைந்ததும் நான் எந்த அடியில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். வண்டி பொன்னேரிக்கு வெளியே சிக்னலில் நின்றுவிட்டால் எனக்குக் கொள்ளை லாபம். எஸ்தர் அங்கே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு பல்லைக் கடிப்பாள்.

பெட்டிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. முன்னால் பாடுகிறவள் என்ன சொன்னாலும் பின்னால் இருப்பவர்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது. முன்பெல்லாம் பாதிப் பாட்டில், "அது தாமரையா, மல்லிகையா?" என்று ஆராய்ச்சி நடக்கும். ஆராய்ச்சி முடிவதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிடும். அதனால் நானே போட்ட சட்டம் அது.

ரோகிணி ஏறினாள்

அவள் உண்மைப் பெயர் ரோவினா. பிலிப்பைன்ஸ்காரி. ஒயர் கட்டும் புது முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்தவள். ரோவினா எங்கள் வாயில் ஒரே வாரத்தில் ரோகிணி ஆகிவிட்டது. அவளும் மறுக்கவில்லை. மீஞ்சூரில் ஒரு மாடி வீட்டைக் கம்பெனி அவளுக்குப் பிடித்துக் கொடுத்திருந்தது. கம்பெனி வேன் எட்டு மணிக்குத்தான் வரும். முதல் ஷிப்டுக்குச் சொல்லித்தர வேண்டிய நாளில் அவளும் எங்களோடு ரயில் ஏறினாள். இரண்டு நாளில் வேனை மறந்துவிட்டு தினமும் ரயிலுக்கே வர ஆரம்பித்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே உடைந்த தமிழும் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் நான் அம்மன் பாட்டு ஒன்றை எடுத்தேன். கூடவே யாரோ வேறு ஸ்வரத்தில் கீழே இழுப்பது கேட்டது. நிறுத்திவிட்டு, யார் பாட்டைக் கெடுக்கிறது என்று அதட்டினேன். ரோகிணி கையைத் தூக்கினாள். எஸ்தர்தான் குறுக்கே வந்து, அது கெடுப்பது இல்லை, இரண்டாம் குரல், தங்கள் சர்ச்சில் அப்படிப் பாடுவார்கள் என்றாள். சரி, பாடு பார்ப்போம் என்றேன்.

எனக்கு அப்போதே மேலே போகும் இடங்களில் குரல் கிழிய ஆரம்பித்திருந்தது. நான் மேலே ஏறும்போது அவள் கீழே நின்று தாங்கினாள். கிழிசல் தெரியவில்லை. என் பாட்டு முன்பைவிட இரண்டு மடங்கு பெரியதாகக் கேட்டது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து என் பக்கத்து சீட்டில் பையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். என் சொந்த நாத்தனாருக்குக்கூட நான் இடம் பிடித்தது கிடையாது.

ஒரு நாள் அவளையே முன்னால் பாடச் சொன்னோம். அவள் ஊர் மாதா பாட்டு. ஓர் அடி பாடினாள். நாங்கள் ஒரு வார்த்தையும் புரியாமல் திருப்பிப் பாடினோம். இரண்டாவது அடியில் அவளுக்குப் புரை ஏறியது, இருமினாள். பெட்டி மொத்தமும் ராகத்தோடு இருமியது. அவள் திகைத்துப்போய் "சாரி" என்றாள். பெட்டியும் "சாரி" என்றது. "ஓ மை காட்" என்றாள். அதுவும் கடவுள் பெயர்தானே, எல்லாரும் பக்தியோடு திருப்பிச் சொன்னோம். அதற்குமேல் அவளால் பாட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை சிரித்தாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் மாயா. இது எங்கள் ஊர்ப் பெயர் என்று நாங்களும், இல்லை எங்கள் ஊர்ப் பெயர் என்று அவளும் சண்டை போட்டிருக்கிறோம். குழந்தை அவளுடைய அம்மாவிடம் வளர்கிறது. போனைத் திறந்தால் முதலில் அந்தக் குழந்தையின் படம்தான் வரும், முன் பல்கூட முளைக்காமல் சிரித்துக்கொண்டு.

ஒன்பது விடியல்

மார்கழி நெருங்கும்போது ரோகிணி ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் விடிவதற்கு முன் மாதா கோயிலுக்குப் போவார்களாம். பாட்டு, பூசை, வெளியே வந்தால் வாழை இலையில் சுட்ட அரிசி அப்பம். ஒன்பது நாளும் விடாமல் போனால் மனதில் நினைத்தது நடக்கும். ஒரு நாள் விட்டாலும் போச்சு. நினைத்ததை வெளியே சொன்னாலும் போச்சு. அவள் சின்ன வயதிலிருந்து விட்டதே இல்லையாம். இந்த வருஷம் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றாள்.

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவர்கள் சர்ச்சில் விடியற்காலைப் பூசை கிடையாது. பிறகு தேதியைக் கணக்குப் போட்டால், அந்த ஒன்பது நாள் தொடங்குவதும் எங்கள் மார்கழி பிறப்பதும் ஒரே நாளை ஒட்டி வருகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இதுக்குப் போயி ஏன் பேஜாராவுற?" என்றேன். "விடியறதுக்கு மின்னாடி நாங்கதான் தெனமும் பாடிக்கினு போறோமே. ஒம்போது நாளும் இங்கியே பாடு. உங்க மாதா இந்த வண்டிக்கு வர மாட்டாங்களா?"

அவள் அன்று மாலையே தன் அம்மாவிடம் போனில் கேட்டாளாம். விடியும் முன் நாலு பேரோடு சேர்ந்து சாமி பாட்டுப் பாடினால் கணக்கில் சேரும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மறுநாள் ரோகிணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தினமும்?" என்று கேட்டாள். தினமும் என்று ஜால்ராவின் மேல் கை வைத்துச் சொன்னேன்.

அவள் நினைத்தது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் அதன்பிறகு பெட்டியின் முழுநேர வேலை. சொந்த வீடு என்றார்கள். கனடா வேலை என்றார்கள். புருஷன் திருந்த வேண்டும் என்று ஒரு கட்சி. அவளுக்குப் புருஷனே இல்லை, ஓடிவிட்டான் என்று எஸ்தர் சொன்னதும், அப்படியானால் அவன் திரும்பி வரக் கூடாது என்று அதே கட்சி. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்க மேலே எழுதியிருப்பதாக மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவாகத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். எனக்கு அதுதானே வேண்டும்.

முதல் நான்கு நாளும் பிரமாதமாகப் போயின. வெள்ளிக்கிழமை, பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து பொன்னேரியில் ஏறுகிற குப்பம்மா ஒரு குண்டைப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிக்கிறவர். அவர் வலைக்குப் போகும் நாள், போகாத நாள் பார்த்துப் பார்த்துக் கிழமைக் கணக்கு எப்போதும் அவள் விரல் நுனியில் இருக்கும்.

"யக்கா, தெனமும்னா ஞாயித்துக்கெழமையுமா?"

எங்கள் ஊரில் தினமும் என்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர்த்த தினமும்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரோகிணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பரவாயில்லை அக்கா என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எல்லாரும் வர வேண்டும், வராதவள் திங்கட்கிழமை நின்றுகொண்டு வரட்டும் என்று உத்தரவு போட்டேன்.

இல்லாத வண்டி

ஆக, அந்தப் பிளாட்பாரம். வராத வண்டி. கிழக்கே வானம் லேசாக வெளுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வண்டி வருவதற்குள் நன்றாக விடிந்துவிடும். ரோகிணி அழவில்லை. வாயை மட்டும் கெட்டியாக மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் லேடீஸ் பெட்டி நிக்கிற எடத்துக்கு வாங்க" என்றேன்.

அந்த இடம் எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். தண்ணீர்க் குழாயைத் தாண்டி இரண்டாவது விளக்குக் கம்பம். போய் உட்கார்ந்தோம். யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் பெட்டியில் எப்படி உட்காருவோமோ அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள். ஜன்னல்காரிகள் எதிரெதிராக, நடுவில் நடைபாதைக்கு இடம் விட்டு. தினமும் நின்றுகொண்டு வருகிற ஒருத்தி அன்றைக்கும் நின்றாள். உட்காரடி என்றால், பழகிவிட்டது என்றாள்.

பெருமாள் பாட்டை எடுத்தேன். ரோகிணியின் குரல் கீழே வந்து சேர்ந்தது.

பாதியில் போன் அடித்தது. எஸ்தர். அவள் பொன்னேரி பிளாட்பாரத்தில் குப்பம்மாவோடு நின்றுகொண்டு, வண்டி எங்கே என்று கத்தினாள். விஷயத்தைச் சொன்னேன். உடனே, ஸ்பீக்கரில் போடு என்றாள்.

போட்டேன். அங்கிருந்து அவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். போனில் குரல் வந்து சேர நேரம் ஆனதால், நாங்கள் மூன்றாவது அடியில் இருந்தால் அவர்கள் இரண்டாவதில் இருந்தார்கள். பெருமாள் எதைக் கேட்டாரோ தெரியாது. நடுவில் அத்திப்பட்டு பக்கமிருந்து காலி நிலக்கரி வேகன்களோடு ஒரு கூட்ஸ் வண்டி வந்து, போய்க்கொண்டே இருந்தது. கூட்ஸுக்கு மேலே கத்திப் பாடினோம்.

கூட்ஸ் போனதும் எஸ்தரின் குரல். "பொன்னேரி வந்தாச்சு."

"இன்னா வந்தாச்சு? வண்டியே இல்ல. நான் இன்னும் ரெண்டு பாட்டு பாடணும்" என்றேன்.

"நான் பொன்னேரிலதானே நிக்கிறேன்? என் கண்ணு மின்னாடி போர்டு இருக்குது. நிறுத்து" என்றாள்.

வேறு வழியில்லை. நிறுத்தினேன். அவள் அங்கிருந்து ஏசு பாட்டை எடுக்க, நாங்கள் மீஞ்சூரில் பின்பாட்டு.

இதற்குள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்து, டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்தில் கும்பலாக உட்காரக் கூடாது என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் சீசன் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினோம். எந்த வண்டிக்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நேற்று வந்த வண்டிக்கு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்தவர் என் வீட்டுக்காரர் நாகராஜ். சம்பளம் இல்லாத நாளில் பெண்டாட்டி விடியற்காலையில் சால்வையோடு எங்கே போகிறாள் என்று வேவு பார்க்க வந்தவர். பாடிக்கொண்டே கண்ணால் பார்த்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். கையில் கறுப்புக் கவர். மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. அவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

"இன்னாமே, நெசமாவே பாட்டுதானா?" என்றார்.

"கையில இன்னா?" என்றேன்.

"எங்கம்மா ஊட்டுக்கு."

என் மாமியார் கறி சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் சண்டை போட அது நேரமில்லை. பின்பாட்டுக்கு ஓர் ஆண் குரல் குறைகிறது, நில்லுங்கள் என்றேன். கறிக் கவரைத் தூரத்துக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்து நின்று பாடினார். நாய் எழுந்து கம்பத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

சூரியன் கிளம்பும் முன் கடைசிப் பாட்டு முடிந்தது. ரோகிணி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் யாரும் என்னைக் கட்டிக்கொண்டது இல்லை. எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

யாருடைய மனு

மிச்ச நாட்கள் தடங்கல் இல்லாமல் முடிந்தன. ஒன்பதாம் நாள் ரோகிணி அரிசி அப்பம் சுட்டு வந்தாள், நான் வெண்பொங்கல் கொண்டுபோனேன். அப்பத்துக்குத் தேங்காய் போதாது என்று எஸ்தர் தீர்ப்பு சொன்னாள். ஒன்பது நாளும் வந்தவர்கள் யாராக இருந்தாலும் வேண்டிக்கொள்ளலாம் என்று ரோகிணி சொன்னதால், பெட்டி மொத்தமும் கண்ணை மூடியது. நானும் மூடினேன். அந்த ஒப்பந்த நீட்டிப்பைத்தான் கேட்டேன். இரண்டு வருஷம் போதாது, ஐந்தாகக் கொடு என்று கேட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், மேனேஜர் லைனுக்கு வந்து நீட்டிப்பு கிடைக்கவில்லை என்றார். மேலே மறுத்துவிட்டார்கள், மாதக் கடைசியில் ரோகிணி ஊருக்குப் போகிறாள். மறுநாள் ரயிலில் ஆறுதல் சொல்லலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அக்கா, நான் அதான் கேட்டேன். வீட்டுக்குப் போணும். கம்பெனி இருன்னு சொன்னா, மாட்டேன் சொல்ல முடியாது" என்றாள். போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். "மாயா, போன்தான் அம்மா நினைக்குது அக்கா. போனுக்கு முத்தம் குடுக்குது."

வீடு சொன்னோம், கனடா சொன்னோம், ஓடிப்போன புருஷனைச் சொன்னோம். தினமும் எங்கள் கண் முன்னால் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையை ஒருத்தியும் சொல்லவில்லை. நாங்கள்தான் அவளுக்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு, கூட்ஸ் வண்டிக்கு மேலே கத்திப் பாடி, அவளை ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறோம். அன்றைக்குப் பொன்னேரி வரை நான் பாட்டே எடுக்கவில்லை.

பொன்னேரியில் ஏறிய எஸ்தர் விஷயத்தைக் கேட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நீ என்ன வேண்டிக்கொண்டாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

"முட்டி வலி போவணும்னு" என்றேன்.

"போச்சா?"

"எங்க போச்சு" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

பெருமாள் மேல் எனக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. பொன்னேரி வரை அவர் நேரம்தானே, என் மனு முதலில் போயிருக்க வேண்டாமா? ஆனால் எதிரில் நின்றது பல் முளைக்காத குழந்தை. அதனிடம் தோற்றதில் எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த மார்கழி

அவள் இல்லாமல் மார்கழி பிறந்தது. முதல் நாள், மீஞ்சூரில் நான் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அவர்கள் ஊரில் அப்போது நன்றாக விடிந்திருக்கும். கோயிலுக்குப் போய்வந்து, வாயில் அப்பத்தோடு ரோகிணி பேசினாள். பாடுங்க அக்கா, நானும் பாடுகிறேன் என்றாள். ஸ்பீக்கரில் போட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

பாட்டை எடுத்தேன். கீழே அவள் குரல் வந்தது, ஓர் அடி தள்ளி. அதற்கு மேலே இன்னொரு பொடிக் குரல். அரைகுறையாக, ஆனால் விடாமல், நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டு. மேல் ஸ்வரத்துக்கு ஏற முடியாமல் இருமினேன்.

பெட்டி மொத்தமும் இருமியது. எங்கள் சட்டம் அப்படி. எல்லாம் ஓய்ந்தபிறகு, கடல் தாண்டி, போனிலிருந்து ஒரு சின்ன இருமல் ராகத்தோடு வந்தது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்தேன். பொன்னேரி வர இன்னும் நேரம் இருந்தது.